ரிலீவர் வந்தாச்சா?

மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற டாக்டருக்கு நன்றாகப் பழகிப்போகிற வேலை ரெஃபர் எழுதுவது. ஜவ்வாது மலையில் நான் இருந்த வருடங்களில், வலியோடு வந்த பெண்ணின் வயிற்றில் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று தெரிந்தால் 108-ஐக் கூப்பிட்டு, சீட்டு எழுதி, கூடவே ஒரு சிஸ்டரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி எந்தக் கொண்டை ஊசி வளைவில் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருப்பேன். கீழே இறங்கினால் மகப்பேறு டாக்டர் இருப்பார், தியேட்டர் இருக்கும், சமயத்தில் ரத்தம்கூட இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிஸ்டரிடமிருந்து போன் வரும்: "இங்க அனஸ்தடிஸ்ட் இல்லியாம் மேடம். டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகச் சொல்றாங்க."

வெட்டத் தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மயக்கம் கொடுக்க ஆள் இல்லாமல் வண்டி மறுபடி கிளம்பும். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இந்தத் துறையை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மேற்படிப்பு என்றால் மகப்பேறு, அதாவது ஓ.ஜி. என்றுதான் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் போன்கள்தான் என்னை அனஸ்தீசியா பக்கம் திருப்பின. ரேங்கும் கொஞ்சம் திருப்பியது, அதையும் மறைப்பானேன்.

அரசு வேலையில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் ஒதுக்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. நீட் வந்தபிறகு அது நீதிமன்றத்துக்குப் போய், எம்.டி., எம்.எஸ். இடங்களில் ஒதுக்கீடு கிடையாது, சேவை செய்த வருடத்துக்கு ஊக்க மதிப்பெண் மட்டும்தான் என்றானது. கடினமான பகுதியில் ஒரு வருடம் வேலை பார்த்தால் வாங்கிய மார்க்கில் 10 சதவீதம் கூடும், அதிகபட்சம் 30. 2020 ஆகஸ்ட் 31-ல், தமிழ்நாடு மெடிக்கல் ஆபீசர்ஸ் அசோசியேஷன் வழக்கில், ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. எங்கள் வாட்ஸப் குரூப்பில் அன்று பட்டாசு படங்களாக வந்து விழுந்தன. என் மடியில் சின்னவன். பெரியவள் ஸ்கூல் மூடிக் கிடந்ததால் வீட்டிலேயே இருந்தாள். கொரோனா ட்யூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டுத்தான் இருவரையும் தொட முடியும் என்ற காலம். "எழுதுறதுன்னா இப்ப எழுது" என்றார் வீட்டுக்காரர். அவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் வழிமுறையோடு செய்தால் பாதி மார்க்காவது வரும் என்பது அவர் கட்சி.

தேர்வு எழுதிய வருடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2021 ஜனவரியில் நடக்கும் என்றிருந்தது ஏப்ரல் 18-க்குப் போனது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து அதையும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் செப்டம்பர் 11. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். நடுவில் காய்ச்சல் முகாம், கொரோனா தடுப்பூசி, ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்காத தாயைக் கிராம சுகாதார நர்ஸ் தேடிப் போவது போல நான் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதிகாலையில் அடுப்படியில் உட்கார்ந்து மாரோ ஆப்பில் வீடியோ பார்ப்பேன். முடிக்கவேண்டுமே என்று ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடும். ஒருநாள் பெரியவள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, மூச்சுவிடாமல், அதே வேகத்தில் அவற்றுக்கு ஏதோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துவிட்டாளாம்.

அந்த வருடம் 300 கேள்வி 200 ஆகக் குறைந்திருந்தது. மூன்றரை மணி நேரம், 800 மார்க். எழுதிவிட்டு இரவு வீடு திரும்பினால் மறுநாள் ஞாயிறு, மாநிலம் முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம். 40,000 இடங்களில் நடந்தது. எப்படி எழுதினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சாயங்காலம் வரை எல்லோரும் கேட்டது, "மேடம், உங்க ஏரியா கவரேஜ் எவ்ளோ?"

இந்த மாதிரிப் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் படித்தாய் என்றே கேட்கிறார்கள். குடும்பஸ்தர்களுக்கு அதைவிடப் பெரிய பாடு, எதுவும் முடிவாகாமல் இருப்பது. தேர்வு முடிந்தும் கலந்தாய்வு நடக்கவில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2022 ஜனவரியில்தான் வழி திறந்தது. அதுவரை எந்த ஊர், எந்தத் துறை, எந்த மாதம் என்று எதுவும் தெரியாது. பெரியவளை ஸ்கூல் மாற்றுவதா, வீட்டு ஓனருக்கு என்ன சொல்வது, சின்னவனைப் பால்வாடியில் போடுவதா, தெரியாது. மெஷின் மாதிரி படிக்கிறவளுக்குக்கூட இந்த மாதங்கள் ஆளைத் தின்றுவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் எதற்கும் படிப்பு நேரடிக் காரணம் இல்லை. மிக்சி ரிப்பேர், மாமா பெண் கல்யாணத்துக்கு யார் போவது, இப்படித்தான்.

சீட் கிடைத்தது சென்னையில். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினோம். பிள்ளைகளையும் அத்தையையும் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போவது, வீட்டுக்காரர் வாராவாரம் வருவது என்று நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "புள்ளைங்க இங்கியே இருக்கட்டும். நீ ட்யூட்டி ட்யூட்டின்னு பூடுவ. அங்க ரெண்டு ரூம்ல நாலு சொவத்தப் பாத்துக்னு என்னால உக்கார முடியாது." அதோடு நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க ஆள் போட வேண்டும். அந்தச் சம்பளத்தை நான் கொடுக்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் ஆரணியில் தங்கச்சி வீட்டுக்குப் போவார், அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் போவார். சின்னவனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் எழுந்திருக்கிறது மகன், அவரில்லை. "எனக்கும் லீவு வேணும்ல" என்றார்.

மாமியார் பெரிய மனசு பண்ணிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய மனசு மட்டும் என்றால் ஆறு மாதம் தாங்கியிருக்கும். அன்றைக்கு அவர் பேசி வாங்கிய நிபந்தனைகள்தான் மூன்று வருடமும் எங்களைத் தாங்கின. சர்வீஸில் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, படிக்கிற காலத்திலும் சம்பளம் வரும். அதில் சென்னை ஹாஸ்டல் வாடகை, மெஸ், பஸ், வேலைக்கார அக்கா சம்பளம் போக மிச்சம் என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. இருந்தும், சம்பளம் வருகிறவளுடைய படிப்புக்கு வீட்டில் இருக்கிற மரியாதையே வேறு. இதை வெளியே சொல்ல யாரும் விரும்புவதில்லை.

முதல் வருடம் கல்லூரியில் நான் பட்டதைவிட என் கை பட்டது அதிகம். பத்து வருடம் ஓ.பி. பார்த்த கை, ஸ்டெதஸ்கோப்பும் பேனாவும் பிடித்த கை. லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் பிடித்து, நாக்கை ஒதுக்கி, பல்லில் அழுத்தாமல் மேல்நோக்கித் தூக்க வேண்டும். எனக்கோ மணிக்கட்டு தானாகவே மடங்கும். செகண்ட் இயர் பையனுக்கு 26 வயசு. எனக்கு சீனியர். மேடம் என்றால் நான் சீனியராகிவிடுவேன், பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. "அக்கா, இப்படி நெம்பினா பல்லு போயிரும்க்கா, எடுங்கக்கா, மாஸ்க் வைங்கக்கா" என்று இத்தனை அக்காவோடு யாரும் என்னைத் திட்டியதில்லை. அவனிடம் நான் கற்றது நிறைய. தியேட்டருக்குள் நுழைந்ததும் முதலில் சக்‌ஷனைப் போட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான், பிறகுதான் குட்மார்னிங். ஆக்சிஜன், சிலிண்டர், லாரிங்கோஸ்கோப் பல்ப், சிரிஞ்சுகளில் லேபிள். கேஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் பார்க்காத எதுவும் கேஸ் நடுவில் நம்மைக் கேட்காமலே நின்றுபோகும் என்பான்.

எங்கள் துறையில் ஒரு விதி இருக்கிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அனஸ்தடிஸ்ட் டேபிளை விட்டு நகரக் கூடாது. சாப்பிட, பாத்ரூம் போக, ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போக, எதற்கானாலும் ரிலீவர் வந்தாக வேண்டும். வந்தால் போதாது. எங்கள் புரொபசர் மேடம் இதில் படு கறார். என்ன கேஸ், என்ன கொடுத்தோம், எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது, அடுத்த அரைமணியில் என்ன வரலாம், இவ்வளவும் சொல்ல வேண்டும். சொன்னபிறகு வந்தவர் வாயைத் திறந்து "நான் எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அந்த வார்த்தை வந்ததும் கேஸ் அவருடையது. விட்டுப் போகிறவர் வாசலில் நின்று, வேப்பரைசரைக் கொஞ்சம் குறை, ஃப்ளூயிடை ஏற்று என்று சொல்லக் கூடாது. "சொல்றதுன்னா திரும்பி உள்ள வா. இல்லன்னா போய்ச் சாப்பிடு" என்பார் மேடம். இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பார்க்கிற நோயாளியை யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பது அவர் கணக்கு.

இதே சமயத்தில் நான் ஹாஸ்டலிலிருந்து என் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போன்: டிபன் பாக்ஸில் என்ன, சாக்ஸ் எங்கே, சின்னவனுக்கு மூக்கு ஒழுகுகிறதா. ராத்திரி வீடியோ கால்: சாதத்தில் நெய் விட்டீர்களா, அந்தச் சட்டை வேண்டாம். குழந்தையை விட்டுவிட்டு வந்த எந்தத் தாயும் இதைச் செய்வாள். ஒரு ராத்திரி அத்தை போனைச் சாய்த்து வைத்துவிட்டு சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து, "பெரிய உருண்டையா வைக்காதீங்க அத்தை" என்றேன். அவர் உருண்டையைத் தட்டில் போட்டார். "நீ அங்கேர்ந்து போன்லியே சோறு ஊட்டாத. ஒண்ணு வந்து ஊட்டு. இல்ல, நான் ஊட்றேன்."

மேடமும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டுக்காரரிடம் எங்கள் துறை விதியைச் சொன்னேன். வாத்தியாருக்கு விதி என்றால் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒப்படைப்பது என்று வைத்துக்கொண்டோம்: பெரியவளுக்கு வியாழன் கணக்கு டெஸ்ட், இருமல் மருந்து எவ்வளவு பாக்கி, புதன்கிழமை வேலைக்கார அக்கா வரமாட்டார், வேன்காரருக்குப் பணம். அவர் சிரிக்காமல் "எடுத்துக்கிட்டேன்" என்பார். அதன்பிறகு அந்த வாரத்தில் டிபன் பாக்ஸ் அவர் விஷயம். கிட்டத்தட்ட ஒரு மாதம் உப்புமாதான் என்று பெரியவள் மூலம் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இது நான் செய்ததிலேயே கடினமான அனஸ்தீசியா.

நான் வீட்டுக்கு வந்தால் இதே விதி தலைகீழ். அத்தை, "உம் புள்ளைங்க, நீ எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறிவிடுவார். மருந்து டப்பா எங்கே என்று கேட்கப் போன் போட்டால் எடுக்கமாட்டார். அவருக்கு எங்கள் மேடத்தின் பாடம் தேவையே இல்லை, அவரே மேடம்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவதை முதல் வருடக் கடைசியில் தனியாகச் செய்யவிட்டார்கள். அம்மாவை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, முதுகை வளைக்கச் சொல்வோம். நிறைமாத வயிற்றோடு எங்கே வளைவது. இடுப்பெலும்பு மேட்டிலிருந்து கணக்குப் பார்த்து, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டும். மயிரிழை போன்ற 25 கேஜ் ஊசி உள்ளே போய், ஒரு இடத்தில் மெல்லியதாக எதையோ தாண்டும். ஸ்டைலட்டை உருவினால் தெளிந்த நீர் ஒரு சொட்டு. அது வராமல் மருந்து கொடுக்கக் கூடாது. ஹெவி புபிவகெய்ன் இரண்டு மில்லி போனதும் உடனே படுக்கவைத்து, வலது இடுப்புக்குக் கீழே வெட்ஜ் வைத்துச் சற்றே இடப்பக்கம் சாய்ப்போம். வயிற்றின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அமுக்காமல் இருக்க. அடுத்த சில நிமிடங்கள்தான் எங்களுடையவை. கால் சூடாகிறது என்பார், பிறகு மரத்துப்போகும், பிரஷர் இறங்கத் தொடங்கும். மானிட்டர் அளந்து காட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் கொட்டாவி விடுவார், அல்லது "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர், வாந்தி வருது" என்பார். அப்போதே கை, பிரஷரை ஏற்றுகிற மெஃபன்டர்மின் சிரிஞ்சுக்குப் போய்விட வேண்டும். திரையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார் என்று மேடம் சொல்வார். பி.எச்.சி. வருடங்கள் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றிய இடம் இது. லாரிங்கோஸ்கோப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்களான சின்னப் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முகம் பார்த்தே பழக்கம்.

சின்னவன் போனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த காலம் ஒன்று இருந்தது. ஊருக்குப் போனால், கால் கழுவிவிட ஆயாவைத்தான் கூப்பிடுவான். அதற்கு மருந்து கிடையாது, காலம்தான் ஆற்றும் என்று சொல்வதற்குக்கூட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குக் குழந்தைகள் தியேட்டரில் போஸ்டிங். மாறுகண் சரிசெய்ய வந்திருந்தான் ஒரு பையன், என் மகன் வயசு. அம்மாவிடமிருந்து பிரிப்பதற்கு முன்னால் மிடசோலம் சிரப் கொடுத்திருந்தோம், முக்கால்வாசி துப்பிவிட்டான். தியேட்டர் வாசலில் அம்மாவின் தாலிச்சரடைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். பிடுங்கி எடுக்கவேண்டியிருந்தது. மாஸ்க்கை முகத்தில் அழுத்தினால் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொண்டு, மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்து, ஊது பார்க்கலாம், பலூன் பெரிசாகுதா பார் என்றேன். செவோஃப்ளுரேன் வாடைக்கு முகத்தைச் சுளித்தான், இரண்டு முறை விம்மினான், கை தளர்ந்தது. வெளியே வந்தபோது அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். அழுதானா? அழவேயில்லை என்று சொல்வதுதான் வழக்கம். நான், "கொஞ்சம் அழுதான். அப்புறம் தூங்கிட்டான்" என்றேன். ராத்திரி போனில் அத்தை எனக்கு அதையேதான் சொல்வார், கூட்டாமல் குறைக்காமல். பொய் சொல்லி ஆறுதல்படுத்தியிருந்தால் நான் அவரை நம்பியிருக்கவே முடியாது.

பேலன்ஸ் எப்படிப் பண்றீங்க என்ற கேள்வி எங்கள் பேட்ச்சில் பெண்களுக்கு மட்டும்தான் வரும். சர்ஜரியில் ஒருவர் இருந்தார், என்னைப் போலவே சர்வீஸில் வந்தவர், தென்மாவட்டத்தில் மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் அவருக்கு அதைச் சொல்வதற்கும் ஆள் கிடையாது. நடுராத்திரி அப்பென்டிக்ஸ் கேஸ் முடிந்து டீ குடிக்கும்போது, பிள்ளைகள் தன்னைப் பார்த்தால் அம்மா பின்னால் ஒளிகிறார்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னார். உடனே கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விட்டார். இன்னொரு பெண் படிப்பு நடுவில் பிள்ளை பெற்றாள். 2021 ஜூலையிலிருந்து அரசு ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். எடுத்தால் படிப்பு நீளும், கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதிப் போய்விடுவார்கள். அவள் பாதியில் திரும்பி வந்தாள், ரெஸ்ட் ரூமில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு லிஸ்டுக்கு வருவாள். அவளைப் பாராட்டிப் பேசியவர்களில் யாரும் அவளுக்காக ஒரு நைட் ட்யூட்டி பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சென்னையில் இது புதிய கதையும் இல்லை. 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் மேரி ஷார்லீப் ஒரு பாரிஸ்டரின் மனைவி, பிள்ளைகளின் தாய். இங்கே எல்.எம்.எஸ். முடித்து, லண்டன் போய் அங்கேயும் பட்டம் வாங்கித் திரும்பினார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றைக்கும் வயசானவர்கள் சொல்கிற கஸ்தூரிபா மருத்துவமனைக்கு 1885-ல் அடி போட்டவர் அவர். அவர் படித்த காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியது யார் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஏதோ ஒரு மெட்ராஸ் ஆயாவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்த ஆயாவின் பெயரில் கட்டடம் எதுவும் இருக்காது.

பிரயாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். சென்னையிலிருந்து திருவண்ணாமலை பஸ், செஞ்சி வழியாக. சாதாரண சனிக்கிழமை என்றால் ஜன்னலோரம் கிடைக்கும், எங்கள் துறைப் பாடப்புத்தகமான மில்லரில் நாலு பக்கம் படிக்கலாம் என்று பையில் எடுத்து வைப்பேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். பௌர்ணமி வாரம் என்றால் அவ்வளவுதான். கிரிவலக் கூட்டம் ஏறிவிடும், நின்றுகொண்டேதான் போக வேண்டும். ட்யூட்டி ரோஸ்டர் போடுகிற பையனிடம், பௌர்ணமிக்கு வேண்டுமானால் எனக்கு ட்யூட்டி போடு, அதற்கடுத்த வாரம் விடு என்று கேட்டு வைத்திருந்தேன். அவன் என்னைப் பெரிய பக்தை என்றே நினைத்திருந்தான். பிறகு பஸ் ஸ்டாண்டைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே போய்ச் சேர்வதே பாதிப் பயணம். 2024 மே மாதம் பீச் ஸ்டேஷனிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயிலைத் திருவண்ணாமலைக்கு நீட்டித்தார்கள். சாயங்காலம் ஏறினால் நள்ளிரவு இறங்கலாம். அதற்குள் என் படிப்பே முடியும் தறுவாயில் இருந்தது.

மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி எங்கள் பேட்ச்சிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கிடைத்தது, நான் முணுமுணுக்கவில்லை. தீசிஸ், முதுகில் ஊசி போட்டபின் வரும் நடுக்கத்தைத் தடுக்க இரண்டு மருந்துகளில் எது மேல் என்று. எக்செல் ஷீட்டைப் போட்டுக் கொடுத்தது கணக்கு வாத்தியார், தரவைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி மூணு வருஷமா? ரெண்டும் ஒண்ணுதான்னு வருது" என்றார். பெரியவள் அந்தக் காலத்தில்தான் என்னிடம் கொஞ்சம் பேச ஆரம்பித்தாள். எனக்குப் பரீட்சை, அவளுக்கும் பரீட்சை. எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். யார் முதலில் போனைத் தொடுகிறார்களோ அவர்கள் டீ போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போட்டேன்.

இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையின் சீமாங் (அவசரப் பேறுகால சிகிச்சை) மையத்தில் இருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிற வண்டி எங்களிடமும் வரும். அனஸ்தடிஸ்ட்டுக்கு ஓ.பி. இல்லை, வார்டு இல்லை, லேடீஸுக்கு ஏற்ற பிராஞ்ச் என்று ஒரு பேச்சு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும்போது அதைச் சொன்னவர்களையெல்லாம் நினைத்துக்கொள்வேன். இங்கே இரண்டு அனஸ்தடிஸ்ட்தான். ஒருவர் லீவு என்றால் இன்னொருவருக்கு ரிலீவர் கிடையாது. போன மாதம் மற்றவர் லீவில் இருந்த வாரத்தில் என் வீட்டுச் சாவியும் பிள்ளைகளும் வழக்கம்போல வாத்தியாரிடம் போனார்கள். அவர் "எடுத்துக்கிட்டேன்" என்றார். பிள்ளைகள் "உப்புமாவா?" என்றார்கள்.

போன வாரம் மலையிலிருந்து ஒரு பெண் டாக்டர் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. இரண்டு பிள்ளைகள், சின்னதற்கு ஒன்றரை வயசு. நீட் எழுதலாமா, எந்த ஆப் வாங்கலாம், காலையில் படிப்பதா ராத்திரியா என்று வரிசையாகக் கேட்டாள். ஆப்பெல்லாம் ஒன்றுதான் என்றேன். வீட்டில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். மாமியார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்றாள். அவர் சொன்னாரா, நீயாகச் சொல்கிறாயா என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. போனை அவரிடம் கொடு என்றேன். வெகுநேரம் பேசினோம். பாதி நேரம் அவர் முட்டிவலியைப் பற்றி. மீதி நேரத்தில், வேலைக்கு ஆள் வைப்பார்களா, மாதம் ஒரு வாரம் தன் மகள் வீட்டுக்குப் போக முடியுமா என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். அதை மருமகளிடம் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.